வார்டன் அக்காவின் இரும்புப் பெட்டி

அந்தப் பெட்டியின் உறுமல் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை. அவிநாசிக்குப் பக்கத்தில் நான் வேலை பார்த்த நூல் மில்லின் விடுதியில், வார்டன் அக்காவின் மேசைக்கு அடியில் ஒரு பச்சை இரும்புப் பெட்டி இருக்கும். விடுதிப் பெண்கள் எல்லோருடைய ஃபோனும் அதற்குள்தான் கிடக்கும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கொஞ்ச நேரம் கைக்குக் கிடைக்கும். சார்ஜ் இறங்கினால் அக்காவே போட்டு வைப்பார், அதில் மட்டும் குறை சொல்ல முடியாது. உள்ளே ஒரு ஃபோன் அதிர்ந்தாலும் பெட்டி முழுக்க உறுமும். நாங்கள் எட்டிப் பார்த்தால், "யாருதுன்னு யாரு கண்டா? போயி வேலையப் பாருங்க அம்மணி" என்று விரட்டுவார். அவரை எனக்குப் பிடிக்காது. அந்தச் சாவிக்கொத்தைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும்.

பதிவுத் தபால் வந்தால் மட்டும் கதை வேறு. தானே கையெழுத்துப் போடுவதாக வாட்ச்மேன் எவ்வளவு சொன்னாலும் தபால்காரர் விடமாட்டார். "பேருக்குரியவங்களக் கூப்புடுங்க" என்று கேட்டிலேயே நிற்பார். தலையில் பஞ்சு ஒட்டியபடி ஓடிப்போய் வாங்குவோம். கோர்ட் காகிதமும் அப்படித்தான் வரும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். என்னைப் பிரிந்து அந்தியூரில் இருந்த என் வீட்டுக்காரர், பாப்பாவைத் தன்னிடம் ஒப்படைக்கச் சொல்லி வழக்குப் போட்டிருந்தது எனக்குத் தெரியவே தெரியாது. உக்கடத்தில் என் சித்தி வீட்டில் இருந்து பாப்பா பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். ஒருநாள் சித்தி மில் ஆபீசுக்கே ஃபோன் செய்து அழுதார். என் வீட்டுக்காரர் கோர்ட் உத்தரவோடு வந்து நின்றாராம். அடுத்த வாரம் பிள்ளையைக் கொடுத்துவிட வேண்டுமாம்.

நான் ஓடிப்போய்ப் பார்த்த வக்கீலம்மா பொறுமையாக விளக்கினார். "தபாலுக்குன்னு இருந்த சட்டதிட்டத்தையெல்லாம் இப்ப ஃபோனுக்கும் ஏத்த மாதிரி மாத்திட்டு வர்றாங்கம்மா. உங்க வாட்ஸ்அப் நம்பருக்கு நோட்டீஸ் வந்திருக்கு, ரெண்டு டிக் விழுந்திருக்கு. கையில வாங்கிட்டும் கோர்ட்டுக்கு வராம இருந்துட்டீங்கன்னு எடுத்துக்கிட்டாங்க." எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. காலத்துக்கேற்றபடி சட்டத்தை மாற்றக் கூடாது என்று நான் சொல்லவில்லை. மாற்றியவர்கள் கேட்டில் நின்று பேர் கேட்ட அந்தத் தபால்காரரை மட்டும் ஏன் விட்டுவிட்டார்கள் என்றுதான் கேட்கிறேன். நோட்டீஸ் வந்தபோது என் ஃபோன் பெட்டிக்குள் இருந்தது. அதைக் கோர்ட்டில் சொல்லக்கூடியவர் வார்டன் அக்கா ஒருவர்தான். சொன்னால் மில்லின் வண்டவாளம் வெளியே வரும், அவருடைய வேலை போகும். விடுதி அறையைத் தவிர அவருக்கு வேறு வீடும் கிடையாது. நான் போய்க் கேட்டபோது அக்கா சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

உத்தரவை ரத்து செய்யக் கேட்டு வக்கீலம்மா போட்ட மனு விசாரணைக்கு வந்த அன்று கோயமுத்தூர் கோர்ட் வராந்தாவில் பாப்பாவின் கையைப் பிடித்தபடி நின்றேன். பிடித்த பிடியில் அவளுக்கு வலித்திருக்க வேண்டும், கையை உருவப் பார்த்தாள். எங்கள் வழக்கைக் கூப்பிடும் நேரத்தில்தான் படியேறி வந்தார் அக்கா. கூண்டில் நின்றவரை எதிர்த்தரப்பு வக்கீல் மடக்கினார். ஞாயிற்றுக்கிழமை ஃபோனைக் கொடுத்திருப்பீர்களே, அப்போது பார்த்திருக்கலாமே என்றார். எனக்கு உயிரே போய்விட்டது. அக்கா தலையைக் குனியாமல் சொன்னார்: "அந்த மாசம் அவசர ஆர்டருங்க. ஞாயித்துக்கிழமையும் மிசின் ஓடுச்சுங்க. ஒருத்திக்கும் குடுக்கக் கூடாதுன்னு மேலிருந்து சொன்னாங்க, நானும் பூட்டி வெச்சுப்போட்டனுங்க. இந்தப் புள்ளையோட ஃபோனுக்குத்தானுங்க வந்துச்சு. புள்ளைக்கு வரலீங்க."

உத்தரவு ரத்தானது, வழக்கை முதலிலிருந்து விசாரிப்பதாகச் சொன்னார்கள். அன்று சாயங்காலமே அக்காவின் டிரங்குப் பெட்டி மில் கேட்டுக்கு வெளியே கிடந்தது. நானும் அதோடு மில்லை விட்டேன். இப்போது அவர் அவிநாசியில் ஒரு மெஸ்ஸில் சமைக்கிறார், அங்கேயே தங்கிக்கொள்கிறார். நான் உக்கடத்தில் சித்தி வீட்டில் இருந்து தையல் வேலைக்குப் போகிறேன். வழக்கு இன்னும் முடியவில்லை, அடுத்த நோட்டீஸ் எப்போது வேண்டுமானாலும் ஃபோனில் வரலாம். அதனால் குளிக்கப் போனாலும் ஃபோனைக் கதவோரம் வைத்துக்கொள்கிறேன். தினமும் அக்கா கூப்பிடுவார். சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன்னால், "ஃபோனப் பாத்தியா கண்ணு?" என்றுதான் கேட்பார். எத்தனையோ பேருடைய ஃபோனைப் பூட்டி வைத்தவர்தான் இப்படிக் கேட்கிறார்.

நேற்று அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தபோது அலமாரித் தகரத்தின் மேலிருந்த ஃபோன் அதிர்ந்தது. அதே உறுமல். எனக்குக் கை வரவில்லை. பாப்பாதான் எடுத்து வந்து, எழுத்துக் கூட்டி என் பேரைப் படித்தாள். கோர்ட்டிலிருந்து அடுத்த விசாரணைத் தேதி வந்திருந்தது. அடுப்பை அணைத்துவிட்டு அக்காவைக் கூப்பிட்டு, நோட்டீஸ் வந்துவிட்டது என்றேன்.

"கையில வாங்கிட்டியா கண்ணு?"

"வாங்கிட்டனுங்கக்கா."

"அப்ப கோர்ட்டுக்கு நானும் வாரேன்" என்றார்.