வெட்டியும் பால் வராத ரப்பர் மரங்கள்

அருமனையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ரப்பர் தோட்டம் லீலாபாய் மாமியுடையது. கணவர் இறந்த பிறகு ஊரார் தோட்டங்களில் கூலிக்குப் பால் வெட்டியவர், மரச்சீனிக் கிழங்கு நின்ற தன் நிலத்தில் தானே குழி தோண்டி இந்த மரங்களை நட்டார். அந்தப் பாலை நம்பித்தான் வீடு. மகள் ரெனிஷாவின் நர்சிங் படிப்பும்.

போன தை மாதம் ஒரு காலையில் மாமி வெட்டுக்கத்தியோடு எங்கள் முற்றத்தில் வந்து நின்றார். முகம் வெளிறியிருந்தது.

“மக்கா, எனக்க மரத்த ஒண்ணு வந்து பாரு. வெட்டுனா பால் வரல்ல.”

“எந்த மரம் மாமி?”

“எதச் சொல்ல? கீழ வரிசை முழுக்க.”

போய்ப் பார்த்து நானும் திகைத்துவிட்டேன். வெட்டு சுத்தமாக இருந்தது. ஆனால் வெள்ளைக் கோடு ஓட வேண்டிய இடம் பழுப்பாக உலர்ந்து கிடந்தது. பால் பிடிக்கக் கட்டிய சிரட்டைகள் காலி. நம்பாதவர் போல மாமி அடுத்த மரத்தை வெட்டினார், அதற்கடுத்ததையும்.

வெட்டுக்குக் கீழே ஏதோ பூசிய தடம் தெரிந்தது.

“இது என்ன மாமி?”

“அடுத்த ரப்பர் விளை செல்வதாஸ் தந்த மருந்து. ஓணம் தொட்டு பூசுகேன். மத்தியானம் வரை பால் சொட்டும் மக்கா. நல்ல தீனி கிட்டுன மரம்லா, தரட்டும்னு ஒரு நாளும் விடாம வெட்டுனேன்.”

மருந்து பூசுகிறவர்கள் வெட்டும் நாட்களைக் குறைத்துக்கொள்வார்கள். மாமியோ அதை உரம் என்று நம்பியிருந்தார். வயிறு நிறைந்த மரத்துக்குக் களைப்பு ஏது?

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். படித்தது தாவரவியல், அதில் எனக்குப் பெருமை அதிகம். அன்று மட்டும் வாய் திறக்கத் தயங்கினேன்.

பிறகு சொன்னேன். காயம்பட்ட மரத்தின் செல்கள் எத்திலீன் என்ற வாயுவை உண்டாக்கும். அது பக்கத்துச் செல்களுக்குப் போய்ச் சேரும். அவை தண்ணீரையும் சர்க்கரையையும் பால் குழாய்களுக்குத் தள்ளும். பால் சீக்கிரம் உறையாமல் ஓடும். இந்த மருந்து பட்டைக்குள் இறங்கி வெளியிடுவதும் அதே வாயுவைத்தான்.

“அது தீனி இல்ல மாமி. அடிபட்டிருக்குன்னு மரத்துக்குச் சொல்லுகது. மரம் உள்ளதெல்லாம் எடுத்து அனுப்பும். தெனமும் சொன்னா தெனமும் அனுப்பும். கடைசில குழாயே அடைஞ்சு போவும்.”

மாமி அப்படியே சருகில் உட்கார்ந்துவிட்டார்.

“அப்போ, பால் கூடுதுன்னு நான் சிரிச்ச நாளெல்லாம் இது அடிபட்டுக்கிட்டா நின்னுது?”

மரத்துக்கு நம்மைப் போல வலி கிடையாது என்றேன். காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

“திரும்ப வருமா? அதச் சொல்லு.”

“ஓய்வு குடுத்தா சிலது வரும். சிலது வராது. எதுன்னு இப்ப தெரியாது.”

அன்றே எல்லா மரங்களிலிருந்தும் சிரட்டைகளைக் கழற்றினார், பால் தந்துகொண்டிருந்த மேல் வரிசையிலும். செல்வதாஸ் வேலிக்கு அந்தப்பக்கம் நின்று, “மரத்துக்கு மெடிக்கல் லீவா அக்கா?” என்றார்.

“ஒனக்க மருந்துதாம்லே வாங்கித் தந்துது,” என்றார் மாமி, திரும்பாமல்.

அடுத்த வாரமே அண்டி ஆபீஸ் என்ற முந்திரி ஆலையில் கொட்டை உடைக்கச் சேர்ந்தார். கொட்டையின் எண்ணெய் பட்டு விரல்கள் கறுத்துக் கொப்பளித்தன.

சித்திரையில் புதுத் தழை விரிந்ததும், பால் ஏறியிருக்கிறதா என்று பார்க்கக் கீழ வரிசையில் ஒரு பட்டையில் ஊசியை வைத்தேன். மாமி என் மணிக்கட்டைப் பிடித்தார்.

“குத்தாத.”

“ஒரு பொட்டுதான் மாமி. மரம் அறியாது.”

“அறியும்னு நீதாம்லே சொன்ன? மழை முடியட்டு. அதுவரைக்கும் கத்தியும் வேண்டாம், ஊசியும் வேண்டாம்.”

தூக்குப்பாத்திரத்தை எடுத்துக்கொண்டு அண்டி ஆபீசுக்கு நடந்தார்.