சேசப்பாவின் மோதுகாய்

பேருந்தில் ஓர் இருக்கை கிடைத்தால் சேசப்பா அதில் தேங்காயை உட்காரவைத்துவிட்டுத் தாம் நின்றுகொண்டு வருவார். நடத்துநர் முறைத்தால், "அதுக்கும் சேத்து டிக்கெட் குடுப்பா. நாளைக்கு அதுக்கு வேலை இருக்கு" என்பார்.

என் எண்ணெய் மில்லில் தேங்காய் உரிக்கிறவர். மூன்றாம் வகுப்போடு நின்ற நான் இன்று இரண்டு மில்லுக்குச் சொந்தக்காரன். எங்கள் கார்க்களா ஊர்ப் பக்கம் என்னைக் கேட்காமல் தேங்காய்க்கு விலை வைக்க ஆள் கிடையாது. ஆனாலும் தீபாவளித் தேங்காய் மோதலில் என் காய் அவர் காயிடம் ஒருமுறைகூடப் பிழைத்ததில்லை. மலையாய்க் குவிந்த காயில் பொறுக்கிக்கொண்டு போனாலும் அதே கதிதான்.

விதி சின்னது. ஒருவன் தன் காயைப் பிடித்துக்கொள்ள வேண்டும். மற்றவன் தன் காயால் ஓங்கி அடிக்க வேண்டும். உடைந்தது ஜெயித்தவனுக்கு. அதுதான் பரிசு. சேசப்பாவின் மோதுகாய் வருஷம் முழுக்க அரிசிப் பானைக்குள் தூங்கும். ஈரக்கையோடு யாரும் அதைத் தொடக்கூடாது. ஜெயித்துக் கொண்டுவந்த காய்களோ சாக்குச் சாக்காய் வரும். அவர் ஜெயித்தால் துருவித் துருவித் தன் கைதான் போகிறது என்று அவர் மனைவி வாரிஜா என் வீட்டில் வந்து புலம்புவாள்.

இந்த வருஷம் அவளுக்கு வேறு கவலை. மோதலுக்கு மறுநாள் மகளுக்கு நிச்சயம். மாப்பிள்ளையின் அப்பா தூமப்பா பூஜாரி முதல்நாளே வந்திறங்கி, தாமும் ஒரு காயோடு மோதல் மைதானத்துக்குப் புறப்பட்டுவிட்டார். ரோஷக்காரர். பந்தியில் இலையைத் திருப்பிப் போட்டார்கள் என்று முன்பு ஒரு சம்பந்தத்தையே முறித்தவர்.

"தோத்துட்டு வாங்க. ஒரு தேங்காய்தானே" என்று வாரிஜா சொல்லி அனுப்பினாள். சேசப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை.

தூமப்பாவின் முறை வந்தது. சேசப்பா குனிந்து காயைப் பிடித்தார். கண் இருக்கும் பக்கத்தை, லேசாகத் தட்டினாலே பிளக்கும் பக்கத்தை, மேலே திருப்பினார். கூட்டத்தில் யாரும் கவனிக்கவில்லை. என் கண்ணுக்குத் தப்புமா?

தூமப்பா அடித்தார். பிளந்தது தூமப்பாவின் காய். தண்ணீர் சேசப்பாவின் முழங்கைவரை வழிந்தது.

"கண் பக்கத்தைத்தானே காட்டுனீங்க?" என்றார் தூமப்பா, மெதுவாக.

"ஆமா, சம்பந்தி."

"அப்பவும் உடையலையா?"

சேசப்பா சம்பந்தியின் முகத்தைப் பார்க்கவில்லை. எங்காவது விரிசல் விட்டிருக்குமோ என்று காயைக் காதோரம் தூக்கிச் சுண்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். தூமப்பா தலைப்பாகையைக் கழற்றினார். இன்னும் ஓரடி நெருங்கிக் குனிந்து, காயின் மறுபக்கத்தில் தம் காதை வைத்தார்.