வலிக்கிறது என்று பொய் சொன்னேன்

எண்பதுகளின் கடைசியில் அம்பத்தூரில் வாடகைக்குக் குடியிருந்தோம். பக்கத்து வீட்டு செல்வி ஏதோ வகுப்புக்குப் போய்ப் பாத அழுத்த சிகிச்சை கற்றுக்கொண்டு வந்தாள். அன்றோடு என் நிம்மதி போயிற்று. மதியம் நான் சற்றுத் தலை சாய்த்தால் போதும், வந்து காலைப் பிடித்துக்கொண்டு பென்சில் நுனியால் பாதத்தை அழுத்துவாள்.

"இது வயித்துக்கு, இது கழுத்துக்குக்கா. உடம்பு மொத்தமும் பாதத்துல கீது. வலிக்குதா?"

"வலிக்குது, வலிக்குது!" என்று கத்துவேன். கத்தினால்தான் திருப்தியாகி எழுந்து போவாள்.

ஒருநாள் பொறுமை போய்விட்டது. "ஒண்ணும் வலிக்கலடி! இத்தனை நாளும் உன்னை அனுப்பறதுக்காகத்தான் கத்தினேன்" என்று கொட்டிவிட்டேன்.

கோபித்துக்கொண்டு போவாள் என்று நினைத்தேன். போகவில்லை. "கண்ண மூடுக்கா. எந்த வெரல தொடுறேன் சொல்லு" என்றாள்.

இன்னும் தொடவே இல்லையே என்று எரிச்சலோடு கண்ணைத் திறந்தேன். பென்சில் நுனி என் கால் கட்டைவிரலில் அழுந்திக்கொண்டிருந்தது.

"இது என்னால ஆவாதுக்கா. டாக்டராண்ட போலாம், கெளம்பு." பென்சிலைப் போட்டுவிட்டு என் கையைப் பிடித்து எழுப்பினாள்.

எனக்குச் சர்க்கரை ஏறி, பாதம் மரத்துப் போயிருந்தது. "நல்லவேளை, புண் வர்றதுக்கு முன்னாடி வந்தீங்க" என்றார் டாக்டர். மாத்திரையும் பத்தியமும் என் காலைக் காப்பாற்றின.

பாதத்தை அழுத்தினால் வயிறு சரியாகுமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. செல்வியின் நச்சரிப்பும் குறையவில்லை. ஆனால், என் உடம்பு எப்படி இருக்கிறது என்று தினமும் கேட்டவள் அவள் ஒருத்திதான். அவளிடம்தான் நான் தினமும் பொய் சொன்னேன்.