அவளுக்கு நான் எழுதிய தரச்சீட்டு

கொச்சி மட்டாஞ்சேரியில் மிளகுக்குத் தரம் எழுதுவது என் தொழில். மூட்டையில் குத்தூசியைச் செருகி, வந்து விழுகிற மணியை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்து, எடை போட்டு, இது இன்ன தரம் என்று ஒரு சீட்டில் எழுதிக் கையெழுத்து வைப்பேன். இருபது வருஷத்தில் என் சீட்டோடு போன ஒரு மூட்டைகூடத் திரும்பி வந்ததில்லை. அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது.

திரும்பி வராததில் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. எங்கள் ஆபீசில் எந்தச் சரக்குக்கும் ஒரு படி குறைத்துத்தான் எழுதுவோம். முதல் தரமாக இருந்தால் சீட்டில் இரண்டாம் தரம். குறை ஏதாவது இருந்தால் அதை முதலில் எழுதிவிடுவோம். வாங்குகிறவன் மூட்டையை அவிழ்த்துப் பார்ப்பான், சீட்டைவிடச் சரக்கு நன்றாக இருக்கும், அதற்குப் பிறகுதான் விலைப் பேச்சு. தன் சரக்கைத் தானே புகழ்கிறவனை எங்கள் தெருவில் யாரும் நம்புவதில்லை.

அந்தச் சீட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவதற்கு ஒரு பெண் வேலைக்கு வந்தாள். எங்களைப் போலவே வீட்டில் தமிழ் பேசுகிற ராவுத்தர் குடும்பம். வாசிக்க, எழுத அவளுக்கு மலையாளம்தான் சுலபம். அண்ணன் என்பதற்கு அந்த ஊர் வழக்கப்படி என்னை இக்கா என்று கூப்பிடுவாள். வந்த ஆறாம் மாதமே, நான் கோட்டை விட்ட ஈர மிளகை மோந்து பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள். எனக்கு முகத்தில் ஈயாடவில்லை. அதன் பிறகு கொள்முதல், கப்பல் தேதி, எடையில் ஏமாற்றுகிறவர்களோடு சண்டை என்று ஒவ்வொன்றாக அவள் கைக்குப் போயின. ஐந்து வருஷம் இப்படி ஓடியது.

அவளுக்கு எம்பிஏ படிக்க ஆசை. ஞாயிற்றுக்கிழமைகளில் கலூருக்கு பஸ் பிடித்துப் பயிற்சி வகுப்புக்குப் போவாள். இரண்டு தடவை நுழைவுத் தேர்வில் மார்க் போதவில்லை. மூன்றாம் தடவை நல்ல மார்க். ஆனால் வீட்டில் இதுதான் கடைசி என்று சொல்லிவிட்டார்கள். கிடைத்தால் படிப்பு, இல்லாவிட்டால் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் ஏற்கெனவே வந்து சாயா குடித்துவிட்டுப் போயிருந்தார்கள்.

ஒரு மத்தியானம் பழைய தரச்சீட்டு ஒன்றின் பின்பக்கத்தில் கட்டம் போட்டு எடுத்து வந்தாள்.

"இக்கா, சும்மா சந்தோஷப்படுத்த வேண்டாம். மிளகு பாக்குற மாதிரி என்னைப் பாத்துச் சொல்லுங்க. மத்தவங்க பக்கத்துல வச்சா நான் எந்தத் தரம்?"

இரண்டு பேரும் உட்கார்ந்து தரம் பிரித்தோம். பத்தாம் வகுப்பு மார்க், இரண்டாம் தரம். தபாலில் படித்த டிகிரி, மூன்றாம் தரம். நுழைவுத் தேர்வு, முதல் தரம்.

"இங்கிலீஷ்?" என்றேன்.

"அது பொக்கு மிளகு, இக்கா. தொட்டா நொறுங்கிரும்."

"வேலை அனுபவம் போடு. அஞ்சு வருஷம் மிளகுச் சந்தையில நின்னு சண்டை போட்ட பொண்ணு வேற எவ இருக்கா? உனக்குக் கிடைக்கும். உறப்பாச் சொல்றேன்."

அவள் சிரித்தாள். கடைசிக் கட்டம் சிபாரிசுக் கடிதம். அதை நான்தான் எழுத வேண்டும். அந்தக் கட்டத்தில் என்னைக் கேட்காமலேயே முதல் தரம் என்று எழுதிக்கொண்டாள்.

கல்லூரியிலிருந்து படிவம் என் மெயிலுக்கு நேராக வந்தது. நீங்கள் பார்த்த ஊழியர்களில் இவர் எந்த இடம் என்று கேட்டு, கீழே, மிகச் சிறந்தவர் என்பதில் தொடங்கி, நான்கு பெட்டிகள். உண்மை முதல் பெட்டிதான். அவளைப் போல ஒருத்தியை அதற்கு முன்பும் நான் பார்த்ததில்லை, பின்பும் பார்க்கவில்லை. ஆனால் முதல் பெட்டிக்குப் போக எனக்குக் கை கூசியது. இரண்டாம் பெட்டியைத் தொட்டேன். குறைகள் என்ற இடத்தில், இங்கிலீஷ் பேசத் தயங்குவாள், எடையில் ஏமாற்றினால் கோபம் வரும் என்று எழுதினேன். நிறைகள் என்ற இடத்தில் ஒரே வரி: நம்பலாம். நேரில் கூப்பிட்டுப் பேசும்போது அசந்துபோவார்கள் என்று நினைத்தேன். நல்ல வேலை செய்த நிம்மதியோடு அனுப்பினேன்.

அவளை நேர்முகத்துக்குக் கூப்பிடவே இல்லை.

அன்று அவள் அதே சீட்டை எடுத்து வைத்துக்கொண்டு, சிவப்புப் பேனாவால் ஒவ்வொரு கட்டமாகச் சுழித்தாள். "இதுவா இருக்குமோ, இக்கா? டிகிரிதான் காலை வாரிருச்சோ?" இங்கிலீஷைச் சுழித்தாள். பத்தாம் வகுப்பைச் சுழித்தாள். கடைசிக் கட்டத்தில் பேனா நின்றது. "இதை மட்டும் குத்தம் சொல்ல முடியாது" என்று மூடியைப் போட்டுவிட்டாள். நானும் ஆமாம் என்றேன். அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது.

இரண்டு மாதத்தில் கல்யாணம். களமசேரியில் மாப்பிள்ளை வீடு. அங்கேயே ஒரு தொழிற்சாலை ஆபீசில் டைப் அடிக்கிற வேலைக்குப் போனாள்.

பிறகு ஒரு நாள், அந்தப் படிப்பைப் படித்துவிட்டு வந்த எங்கள் சின்ன முதலாளி, தன் நண்பனுக்கு அதே மாதிரி படிவம் நிரப்பிக்கொண்டிருந்தார். முதல் பெட்டியைப் பார்க்காமலேயே தொட்டார். அவ்வளவு கெட்டிக்காரரா என்று கேட்டேன்.

"எல்லாருக்கும் இதுதான் இக்கா போடுவாங்க. கீழே எதைப் போட்டாலும், இந்த ஆள் வேண்டாம்னு சொல்றதுதான்."

கல்லூரிக்காரர்கள் என் சீட்டைப் பார்த்ததோடு சரி, மூட்டையை அவிழ்க்கவே இல்லை. சுற்றி வளைக்க ஒன்றுமில்லை, அவள் வாழ்க்கையை நான் கெடுத்தேன். ஒரு படி குறைக்கிற வழக்கம் அவளுக்கும் தெரியும். ஐந்து வருஷம் அந்தச் சீட்டுகளை ஏற்றியவள் அவள்தானே. தனக்கும் அப்படியே எழுதுவேன் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

சொல்லிவிடலாம் என்றுதான் களமசேரிக்குப் போனேன். பஸ்ஸில் உட்கார்ந்து வாக்கியங்களைக்கூடத் தயார் செய்தேன். மத்தியான இடைவேளையில் வெளியே வந்தவள் என்னைப் பார்த்ததும் ஓடி வந்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள். கூட வேலை செய்கிற இரண்டு பெண்களைக் கூப்பிட்டாள்.

"நான் சொல்வேன்ல, அந்த இக்கா இவங்கதான். அந்தப் படிப்புக்கு நான்தான் லாயக்கில்லாம போனேன். ஆனா இவங்க எனக்கு எழுதிக் கொடுத்தாங்களே, அப்படி வேற யாரும் எழுதியிருக்க மாட்டாங்க."

எனக்கு அவளே சாயா வாங்கிக் கொடுத்தாள். குடித்துவிட்டு பஸ் ஏறினேன்.