ஜரீனாவுக்கு இன்னும் மதிப்பெண் போகவில்லை

பள்ளிப் பிள்ளைகளின் மதிப்பெண்ணை வீட்டுக்கு எஸ்எம்எஸ்ஸில் அனுப்பும் எங்கள் பிஎச்பி ஸ்கிரிப்ட் இன்றும் பாதியில் நின்றது.

டேட்டாபேஸிலிருந்து எடுத்த எந்தப் பெயரையும் அது கைவிடுவதில்லை. மெமரி நிரம்பிவிடுகிறது. அனுப்பி முடித்ததை விட்டுவிடும்படி மாற்றலாம் என்றேன்.

"லைட் தீஸ்கோண்டி மேடம், பெருசா எடுத்துக்காதீங்க," என்றார் தெலுங்குக்காரரான எங்கள் டீம் லீட். "நின்னா தானா ஸ்டார்ட் ஆகற மாதிரி நேத்தே வெச்சுட்டேன்."

ஆகிறது. முதல் பெயரிலிருந்து.

முதல் பெயர் அபர்ணா. கணக்கில் ஃபெயில். மல்காஜ்கிரியிலிருந்து அவள் அப்பா போன் செய்தார்.

"புரிஞ்சுதும்மா. காலையிலேர்ந்து வந்துக்கிட்டே இருக்கு. பொண்ணு அழுவுது, நிறுத்துங்க."

பட்டியலின் கடைசியில் இருக்கும் ஜரீனாவுக்கு ஒன்றுகூடப் போகவில்லை.

அவள் அப்பா கூப்பிட்டால் என்ன சொல்வது? தெரிந்தவர்கள் எழுதுங்கள். 'லைட் தீஸ்கோ' மட்டும் வேண்டாம்.