நான் போட்ட தடிப்பட்டை

பட்டை வாங்கப் போனால் பாக்கெட்டைப் பிரித்து ஒரு துண்டை ஒடித்துப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவேன். கடைக்காரர் முகத்தைச் சுளிப்பார். சுளித்துக்கொள்ளட்டும். மேலே அச்சடித்திருப்பதை எனக்குப் படிக்கவா தெரியும்? தொட்டதும் நொறுங்கினால் சிலோன் பட்டை. சுருட்டு மாதிரி உள்ளே அடுக்கடுக்காக இருக்கும், மென்றால் இனிக்கும். பாயசத்துக்கும் டீக்கும் அதுதான். ஒடிக்கும்போது கை வலித்தால் தடிப்பட்டை. காரமும் துவர்ப்பும். கறிக்கு அது எடுப்பாக இருக்கும், ஆனால் கையை அடக்கிப் போட வேண்டும். ஒரு பானைக் குழம்பைக் கெடுத்துத்தான் இதெல்லாம் எனக்கு வந்தது.

அப்போது எனக்கு ஏழு வயது. நாகமலை புதுக்கோட்டைக்கு மேற்கே எங்கள் தோட்டம். சிலோனில் கடை வேலை பார்த்த சித்தப்பா, அங்கேயே கல்யாணம் முடித்துச் சின்னம்மாவைக் கூட்டி வந்திருந்தார். வந்து மூன்று மாதமாகியும் பெரியம்மா அவளை அடுப்பண்டை விடவில்லை. பாத்திரம் விளக்கலாம், மிளகாய் அரைக்கலாம், அவ்வளவுதான். பெரியம்மா கெட்டவள் இல்லை. வலிக்காமல் பேன் பார்க்க அவளை விட்டால் ஆள் கிடையாது. கரண்டியை மட்டும் கொடுக்க மாட்டாள்.

ஊர்ப் பொங்கலுக்கு மறுநாள் கறிச்சோறு. விருந்தாளிகள் வந்தாகிவிட்டது, பெரியம்மாவுக்குக் காய்ச்சல்.

“இன்னைக்கி நீயே ஆக்கு. நல்லா வந்துச்சுன்னா இனிமே அடுப்பு ஒனக்குத்தான்” என்று படுத்தபடியே சின்னம்மாவிடம் சொன்னாள்.

சின்னம்மா ஓடிப்போய்த் தன் தகரப்பெட்டியிலிருந்து ஒரு பட்டைச் சுருளை எடுத்து வந்து எண்ணெயில் நொறுக்கிப் போட்டாள். எனக்கு அது காய்ந்த சருகு மாதிரி இருந்தது.

“இம்புட்டுத்தானா சின்னம்மா? பெரியம்மா பெருசு பெருசாப் போடும்.”

“இது போதும் கண்ணு.”

குழம்பு கொதித்தது. அவள் தண்ணீர் எடுக்கக் கிணற்றுக்குப் போனாள். பாவம், இல்லாத குறைக்குச் சருகைப் போட்டுச் சமாளிக்கிறாள் என்று எனக்கு மனசு கேட்கவில்லை. பெரியம்மாவின் அஞ்சறைப்பெட்டியிலிருந்து விரல் நீளத் தடிப்பட்டை மூன்றை எடுத்துப் பானையில் போட்டுக் கிண்டிவிட்டேன்.

பந்தியில் முதல் வாயிலேயே பெரியம்மாவின் தம்பி சித்தப்பாவைப் பார்த்துச் சிரித்தார்.

“என்ன மாப்ள, சிலோன்ல மரத்தையா கொழம்பு வைக்கிறாக?”

பந்தியே சிரித்தது. சித்தப்பா இலையிலிருந்து நிமிரவில்லை. போர்வையோடு எழுந்து வந்த பெரியம்மா, ஒரு சொட்டைக் கையில் விட்டு நக்கினாள்.

“ஏத்தா, கொழம்பா இது, கசாயமா?”

சின்னம்மா கரண்டியை விட்டுத் துழாவினாள். தடிப்பட்டை மேலே வந்தது. அதைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நான் பெருமையாகத் தலையாட்டினேன். அவள் அதைச் சத்தமில்லாமல் அடுப்புக்குள் தள்ளினாள்.

“கை தவறிருச்சுக்கா.”

“சரி, விடு. நாளைக்கு நானே எந்திருச்சு ஆக்கிக்கிறேன்.”

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. அந்தச் சருகால்தான் குழம்பு கெட்டது, நல்ல பட்டை நான் போட்டதுதான், அதைச் சொல்லியிருந்தால் பெரியம்மா சமாதானமாகியிருப்பாளே, இவள் எதற்கு அதை நெருப்பில் போட்டு மறைத்தாள் என்று. இரண்டு நாள் நான் சின்னம்மாவோடு பேசவில்லை. விளக்கிக்கொண்டிருந்த பாத்திரத்தைப் போட்டுவிட்டு, சாம்பல் கையோடு வந்து கெஞ்சியது அவள்தான்.