பானுமதி படித்த பன்னிரண்டு வரி

பானுமதிக்கு ஆங்கிலத்தில் உருப்படியாகத் தெரிந்தது பன்னிரண்டே வரிதான். அதையும் கமா, புல்ஸ்டாப் எல்லாம் சேர்த்து வாயால் சொன்னால்தான் வரும். கமாவை விட்டுவிட்டுச் சொல் என்றால் தடுமாறிவிடுவாள்.

இதற்காக அவளைக் குறை சொல்பவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். சதுரங்கப்பட்டினம் பக்கத்துக் குப்பத்தில் மீன் ஏலம் எடுக்கும் இருசப்பனின் மகள் அவள். கடலோரத்து அரசுப் பள்ளியில் 1991இல் பத்தாவது படித்தாள். ஆங்கிலத்துக்கென்று அங்கே தனி வாத்தியார் கிடையாது. வரலாறு நடத்த வந்த கோபாலகிருஷ்ணன் சார் தலையிலேயே அதையும் கட்டியிருந்தார்கள். தங்கமான மனிதர், பிள்ளைகளைக் கைநீட்டி அடித்ததில்லை. ஆனால் ஆங்கிலப் புத்தகத்தைத் திறந்தாலே அவருக்கு வியர்த்துவிடும். உரைநடை என்றால் நோட்ஸைப் பார்த்துப் பலகையில் பதிலை எழுதிப் போடுவார், பிள்ளைகள் அப்படியே இறக்கிக்கொள்ளும். செய்யுள் என்றால் அதைவிடச் சுருக்கம். மெமரி போயம், அதாவது பரீட்சையில் பார்க்காமல் எழுத வேண்டிய பகுதி, எந்த வரிவரை என்று விசாரித்து, அதற்குக் கீழே ஸ்கேல் வைத்துப் பென்சிலால் ஒரு கோடு போடச் சொல்வார்.

“கோட்டுக்குக் கீழ போவாதீங்க. அங்க மார்க்கு கெடையாது” என்பார்.

ஒரு கமா விட்டால் அரை மார்க் போய்விடும் என்பதால் கமாவையும் சேர்த்தே ஒப்பிக்க வைத்தார். மொத்த வகுப்பும் ‘கமா, கமா’ என்று கோரஸாகக் கத்தும். ஒருநாள் பானுமதி மட்டும் எழுந்து, “சார், இது இன்னா பாட்டு சார்?” என்று கேட்டாள். சார் புத்தகத்தை ஒரு பார்வை பார்த்தார். “ஸ்லீப் ஸ்லீப்னு வருதுல்ல, தாலாட்டு. ஒக்காரு” என்றார். பாவம், அவரும் கோட்டுக்குக் கீழே போனவர் இல்லை.

பரீட்சையில் அந்தப் பாட்டு வந்தது. ஒரு கமா விடாமல் எழுதினாள். மற்ற பாடமெல்லாம் தேறி, ஆங்கிலத்தில் முப்பத்தொன்று வாங்கித் தவறினாள். மறுபடி எழுதலாம் என்று யாரும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. அடுத்த வருஷம் தை மாதத்தில் சம்பத்துக்குக் கட்டிக்கொடுத்தார்கள். சம்பத் மறைமலைநகரில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் வேலை செய்தான். கம்பெனி பஸ் வருகிற ரோட்டுக்குப் பக்கமாகச் செங்கல்பட்டில் ஒரு போர்ஷன் பிடித்துக் குடித்தனம் வைத்தார்கள்.

தொண்ணூற்று நான்கில் பையன் பிறந்தான். ஹேமந்த் என்று பேர் வைத்தார்கள். தாலாட்டுப் பாட வேண்டிய நேரம் வந்தபோது பானுமதிக்குத் தமிழில் ஒரு தாலாட்டும் முழுசாக வரவில்லை. பள்ளிக்கூடத்துப் பாட்டு வந்தது. அதற்கு அவளே ஒரு ராகம் போட்டுக்கொண்டாள். பக்கத்துப் போர்ஷன் முனியம்மா கேட்டுவிட்டு, “அடி ஆத்தே, புள்ளைக்கு இங்கிலீஷ்லயே தாலாட்டா? கலெக்டராத்தான் ஆவப் போறான்” என்று கன்னத்தில் கைவைத்தாள். பானுமதிக்குப் பெருமை தாங்கவில்லை. அதன்பிறகு வேறு பாட்டே பாடுவதில்லை. பையனுக்குப் பேச்சு வந்தபோது ‘அம்மா’வுக்கு அடுத்தபடியாக அவன் சொன்னது ‘கம்மா’. இவள் ஒவ்வொரு வரியையும் முடித்துவிட்டு நிறுத்துவாள், அவன் ‘கம்மா’ என்று போடுவான். சம்பத் சட்டையை மாட்டிக்கொண்டே அதைக் கேட்டுச் சிரிப்பான்.

பையனுக்கு இரண்டரை வயதில் அது நடந்தது. ஆடி மாதம், குப்பத்தில் கெங்கையம்மனுக்குக் கூழ் வார்க்கிறார்கள் என்று அப்பா வீட்டுக்குப் போயிருந்தாள். மூன்றாம் நாள் பையனுக்கு வாந்தியும் பேதியும் கண்டது. கைவைத்தியம் பார்த்ததில் ஒரு ராத்திரி போயிற்று. காலையில் தூக்கிக்கொண்டு செங்கல்பட்டு பஸ் ஏறினாள். துணைக்கு அம்மா ஆதியம்மாள் வந்தாள். மடியில் கிடந்த பையன் வறண்ட நாக்கால், “ம்மா, கம்மா பாட்டு” என்றான். பாடினாள். இரண்டு தடவை ‘கம்மா’ போட்டான். மூன்றாவது தடவை போடவில்லை. தூங்கிவிட்டான் என்று நினைத்துக்கொண்டு திருக்கழுக்குன்றம் தாண்டியும் பாடிக்கொண்டே வந்தாள். ஆஸ்பத்திரியில் இறங்கும்போதுதான் ஆதியம்மாள் பேரனின் காலைத் தொட்டுப் பார்த்தாள்.

அந்த வருஷத்தை எப்படித் தள்ளினாள் என்று அவளைத்தான் கேட்க வேண்டும். அவளோ வாயே திறக்க மாட்டாள். தொண்ணூற்றெட்டில் ரோகிணி பிறந்தாள். பெண்ணுக்கும் அதே பாட்டைத்தான் பாடினாள். பையனுக்குப் பிடித்த பாட்டு, அது ஒன்றாவது வீட்டில் இருக்கட்டும் என்று நினைத்தாள்.

ரோகிணியை நல்ல இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் சேர்த்தே தீருவது என்று பானுமதி ஒற்றைக்காலில் நின்றாள். 2002 அது. எல்.கே.ஜி. சேர்க்க வேண்டுமானால் பெற்றவர்களும் இன்டர்வியூவுக்கு வர வேண்டும், ஆங்கிலம் தெரியாத வீட்டுப் பிள்ளைக்கு இடம் கொடுக்க மாட்டார்கள் என்று ஊரெல்லாம் ஒரே பேச்சு. சம்பத்துக்கு லீவு கிடைக்கவில்லை. “எனுக்கு மட்டும் இன்னா தெரியும்? நீயாவது பத்தாவது. போயி சமாளி” என்று சொல்லிவிட்டுக் கம்பெனி பஸ் ஏறிவிட்டான். இவள் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு போனாள்.

தலைமையாசிரியை ஷபானா மேடம் ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார். பானுமதி விழித்தாள். மறுபடி மெதுவாகக் கேட்டார். அதற்கும் விழித்தாள். பக்கத்து நாற்காலியில் இருந்த கிளார்க் பேனாவை மூடினார். இடம் போச்சு என்று பானுமதிக்குப் புரிந்துவிட்டது. சட்டென்று எழுந்து, கையைக் கட்டிக்கொண்டு, அந்தப் பன்னிரண்டு வரியையும் ஒப்பித்தாள். கமா, கமா, புல்ஸ்டாப். கிளார்க் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மேடம் சிரிக்கவில்லை.

“உக்காருங்கம்மா. இது எனக்கு ரொம்பப் பிடிச்ச பாட்டு” என்று தமிழுக்கு வந்தார். “மிச்சத்தையும் சொல்லுங்களேன்.”

“அவ்ளோதான் மேடம். எங்களுக்கு அதுவரிக்கும்தான் மெமரி.”

“இன்னும் எட்டு வரி இருக்கே. உயிரே அங்கதானே இருக்கு.”

ரசனை உள்ள மனுஷி. எதிரே இருப்பவள் யார், என்ன என்று தெரியாது. சொல்ல ஆரம்பித்துவிட்டார். காற்று அடங்கிவிட்டது, படகெல்லாம் கரையேறிவிட்டது, நான் கதவண்டையில் இருக்கிறேன், நீ தூங்கு என்று முதல் பன்னிரண்டு வரியில் பாடுகிறாள் ஒரு தாய். அதற்கப்புறம்தான் தெரிய வருகிறது, அவள் உட்கார்ந்திருப்பது வீட்டில் இல்லை. பிள்ளையைப் புதைத்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறாள். அவன்மேல் புல் முளைத்துவிட்டது. மழை வந்தால் நனைவானே என்று முந்தானையை மண்மேல் விரிக்கிறாள். இதைச் சொல்லிவிட்டு மேடம் நிமிர்ந்து பார்த்தார். பானுமதியின் முகத்தைப் பார்த்ததும் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். ரோகிணிக்கு இடம் கிடைத்தது.

மறுநாளே குப்பத்துக்குப் போய், டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்து, பழைய புத்தகத்தை எடுத்துப் பார்த்தாள். பென்சில் கோடு அப்படியே இருந்தது. கோட்டுக்குக் கீழே எட்டு வரி, யார் கையும் படாமல் புத்தம் புதிதாக இருந்தது. படித்துப் பார்த்தாள். ஒன்றும் புரியவில்லை. ஆதியம்மாளிடம் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள். இரண்டு வருஷம் கழித்துச் சுனாமி அந்த வீட்டுச் சாமானை வாரிக்கொண்டு போனபோது புத்தகமும் போயிற்று.

மேடம் அர்த்தம் சொன்ன அன்றோடு வீட்டில் பாட்டு நின்றது. ரோகிணி கேட்டால் வேறு வேலை இருப்பதுபோல் எழுந்து போய்விடுவாள். இன்னொரு பழக்கமும் அன்றைக்குத்தான் தொடங்கியது. பெண்ணுக்கு எந்த வருஷம் புத்தகம் கொடுத்தாலும், அதில் உள்ள பாட்டையெல்லாம் யாரிடமாவது காட்டி, கடைசி வரிவரை அர்த்தம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் பெண்ணை மனப்பாடம் பண்ண விடுவாள். பள்ளிக்கூட வாசலில் மிஸ்ஸுகளை மடக்குவாள். மிஸ்ஸுகள் கிடைக்காவிட்டால் மருந்துக்கடைக்காரர், பஸ்ஸில் பக்கத்தில் உட்காரும் கல்லூரிப் பெண் என்று ஒருத்தரையும் விடுவதில்லை. ஒருதரம் மாமல்லபுரத்துக்குக் கல்யாணத்துக்குப் போன இடத்தில் ஒரு வெள்ளைக்காரியிடம் புத்தகத்தை நீட்டிவிட்டாள். இவள் புத்தகம் விற்க வந்திருக்கிறாள் என்று நினைத்து அந்த அம்மாள் வேண்டாம் என்று தலையாட்டினாளாம். பள்ளியில் இவளுக்கு ‘முழுசா அம்மா’ என்றே பேர். “முழுசா சொல்லுங்க மிஸ், முழுசா” என்று கேட்பாளே, அதனால். ரோகிணிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. சம்பத்துக்கு விஷயம் தெரியும். பாட்டால்தான் பையன் போனான் என்று இவள் மனசுக்குள் ஏதோ புகுந்துவிட்டது என்று அவன் முடிவுகட்டியிருந்தான். இரண்டு தரம் மந்திரித்துக் கயிறு கட்டிவிட்டான். அவளும் கையை நீட்டினாள்.

ரோகிணி ஐந்தாவது படித்தபோது விவகாரம் முற்றியது. ஆண்டுவிழாவில் பாட்டு ஒப்பிக்க அவளைத் தேர்ந்தெடுத்தார்கள். மொத்தப் பள்ளியிலும் ஒரே ஒரு பிள்ளைக்குத்தான் அந்த வாய்ப்பு. பெண்ணுக்குக் கால் தரையில் பாவவில்லை. மிஸ் கொடுத்தது ஜெராக்ஸ் எடுத்த ஒரு தாள். அதில் பதினாறு வரி இருந்தது. பானுமதி அதை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. மறுநாள் வாசலில் மிஸ்ஸை மடக்கினாள்.

“மிச்சம் எங்க மிஸ்?”

“பெரிய பாட்டும்மா. டைம் இல்லை, அதனால வெட்டிட்டோம். மேடைக்கு இது போதும்.”

“மிச்சத்துல இன்னா வருது?”

“எங்கிட்டயும் இந்தத் தாள்தாம்மா இருக்கு.”

ஷபானா மேடம் இருந்திருந்தால் தேடிக் கொடுத்திருப்பார். அவர் மாற்றலாகிப் போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது. மிஸ் தேடிப் பார்ப்பதாகச் சொன்னார், தேடவில்லை. விழாவுக்கு நான்கு நாள் இருக்கும்போது பானுமதி பள்ளிக்குப் போய், “எம்பொண்ணு ஒப்பிக்க மாட்டா” என்று சொல்லிவிட்டு வந்தாள். வேறொரு பெண்ணைப் போட்டுக்கொண்டார்கள். விழாவன்று அந்தப் பெண் ஒப்பித்து முடித்ததும் ஊரே கைதட்டியது. ரோகிணி கடைசி வரிசையில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் பேச்சை நிறுத்தினாள். தட்டில் போட்டதைச் சாப்பிடுவாள், முகத்தைப் பார்க்க மாட்டாள். ஒருநாள் இரண்டுநாள் இல்லை, பன்னிரண்டு நாள்.

ஞாயிற்றுக்கிழமை கறி வாங்கக் கூட்டிக்கொண்டு போன இடத்தில் சம்பத் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னான். அண்ணன் ஒருத்தன் இருந்து செத்துப்போனான் என்று மட்டும்தான் அவளுக்கு அதுவரை தெரியும். பஸ்ஸில் நடந்ததும், அந்தப் பாட்டின் மிச்ச வரியும் அன்றைக்குத்தான் தெரிந்தது. “உங்கம்மா மனசுல அது வுயுந்துபோச்சு. பாட்டு புள்ளைய கொன்னுடுச்சின்னு நெனச்சிகினு கீது. நீ படிச்ச புள்ள, நீ எடுத்துச் சொல்லு” என்றான்.

ரோகிணி வீட்டுக்கு வந்தாள். பானுமதி அடுப்படியில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். பெண் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

“ம்மா. நைனா எல்லாம் சொல்ச்சி.”

பானுமதி அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.

“பாட்டு பாடி யாராவது சாவாங்களாம்மா? அண்ணனுக்குப் பேதி. ஒடம்புல தண்ணி வத்திப்போயி செத்துட்டான். எங்க சயின்ஸ் புக்லயே கீது. உப்பும் சக்கரையும் கலந்து தண்ணி குடுத்திருந்தா பொழச்சிருப்பான். பாட்டுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல.”

“தெரியும்.”

“இன்னா தெரியும்?”

“பாட்டு கொல்லலன்னு தெரியும். நான் இன்னா பைத்தியமா? உங்க நைனாதான் கயிறு கட்டிச்சி, போவட்டும்னு வுட்டேன்.”

“அப்ப இன்னாத்துக்கும்மா இப்டி பண்ற?”

பானுமதி கத்தியைக் கீழே வைத்தாள். அத்தனை வருஷமும் இதை யாரும் அவளிடம் கேட்டதில்லை.

“அவன் எங்கிட்ட தாலாட்டு கேட்டான்டி. தூங்க வைக்கறேன்னு நம்பித்தான் கண்ண மூடினான். மிச்சம் இன்னான்னு தெரியாம நான் அவன பொதச்சிகினு இருந்துருக்கேன்.”